22 பக்க டெம்ப்ளேட்டா, ஜிரா டிக்கெட்டா?

கேள்வியை ஒருமுறை சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாக வந்து படிப்பவர்களுக்கும் உதவும். கிளினிக்குகளுக்கு மென்பொருள் செய்கிற சிறிய கம்பெனி ஒன்றில் மூன்று வருடம் சப்போர்ட்டில் இருந்திருக்கிறீர்கள், இப்போது புராடக்ட் பக்கம் மாற்றிவிட்டார்கள். நோயாளி தன் அப்பாயின்ட்மென்ட்டை ஆப்பிலேயே ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறும் வசதிக்கு பிஆர்டி (என்ன செய்ய வேண்டும் என்று டெவலப்பர்களுக்குச் சொல்லும் தேவை ஆவணம்) எழுதித் தரச் சொல்கிறார்கள். நாலு டெவலப்பர், ஒரு டெஸ்டர். நெட்டில் கிடைத்த 22 பக்க டெம்ப்ளேட்டை ஒரு வாரம் உட்கார்ந்து நிரப்பிக் கொண்டுபோனால், மூத்த டெவலப்பர் புரட்டிக்கூடப் பார்க்காமல் "இதை யாருங்க படிக்கப் போறா, ஜிராவுல டிக்கெட்டா போட்டு விட்ருங்க" என்று சொல்லிவிட்டார். (ஜிரா என்பது வேலைகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு டிக்கெட்டாகப் பதிந்து பின்தொடரும் மென்பொருள்.) டெம்ப்ளேட் சரியா, அவர் சொல்வது சரியா என்று கேட்கிறீர்கள். எனக்கென்னவோ உங்கள் கவலை ஃபார்மேட்டைப் பற்றியதாகத் தெரியவில்லை. என்ன எழுதினால் என் மனதில் இருப்பதையே அவர்கள் செய்து தருவார்கள், கடைசியில் "நீங்க சொல்லவே இல்லையே" என்று என் தலையில் விழாமல் இருக்கும் என்பதுதான் கவலை. அதற்குத்தான் இந்தப் பதில்.

என்னைப் பற்றி இரண்டு வரி. எட்டு வருடம் கோட் எழுதினேன், அதற்கப்புறம் பத்து வருடமாக மற்றவர்கள் கோட் எழுதுவதற்கு நான் எழுதிக் கொடுக்கிறேன். அதில் நாலு வருடம் மருத்துவமனை மென்பொருள்தான், அதனால் உங்கள் ஃபீச்சரின் வலி கொஞ்சம் தெரியும். வேலை பார்த்ததெல்லாம் ஐந்திலிருந்து பதினைந்து பேர் வரை உள்ள டீம்களில். இரண்டு பக்கமும் நின்று திட்டு வாங்கியவன் என்பதைத் தவிர வேறு பெரிய தகுதி இல்லை.

டெம்ப்ளேட்டை முதலில் பார்ப்போம். நீங்கள் குறிப்பிட்ட தலைப்புகளைப் பார்த்தால், அது மென்பொருள் தேவைகளை எப்படி எழுதுவது என்று ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு போட்ட, ஐஇஇஇ 830 என்ற பழைய தரநிலையின் பேரப்பிள்ளை. 1998-ல் கடைசியாகத் திருத்தப்பட்டது, 2011-ல் 29148 என்ற வேறொன்று வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மென்பொருளைக் கேட்பவர் ஒருவர், செய்து கொடுப்பவர் இன்னொருவர், இவர்கள் இருவருக்கும் இடையிலான உடன்பாட்டுக்கு அடிப்படை இந்த ஆவணம் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது அது. நாளைக்குத் தகராறு வந்தால் எடுத்துக் காட்ட வேண்டிய காகிதம் என்பதால்தான் அதில் அத்தனை வரையறை, அத்தனை உட்பிரிவு. நீங்களும் டெவலப்பரும் ஒரே ஹாலில் உட்கார்ந்து ஒரே கேன்டீனில் சாப்பிடுகிறீர்கள். உங்களுக்குள் கிரயப் பத்திரம் தேவையில்லை. அந்த வகையில் அவர் எரிச்சல்பட்டது நியாயம்.

ஆனால் "டிக்கெட்டா போட்டு விட்ருங்க" என்பதும் பாதிதான் சரி. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 மென்பொருள்காரர்கள் கூடி, சிறு சிறு அடிகளாக மென்பொருள் செய்யும் முறைகளுக்காக எழுதிய அஜைல் அறிக்கையில், விரிவான ஆவணங்களைவிட ஓடுகிற மென்பொருளை அதிகம் மதிக்கிறோம் என்று ஒரு வரி வரும். அதைப் பிடித்துக்கொண்டு டாக்குமெண்டே வேண்டாம் என்பவர்கள் உண்டு. அதே அறிக்கையின் கடைசியில், வலப்பக்கம் இருப்பதற்கும் (ஆவணங்கள் போன்றவை) மதிப்பு உண்டு, இடப்பக்கம் இருப்பதை (ஓடுகிற மென்பொருள் போன்றவை) அதைவிட மதிக்கிறோம், அவ்வளவுதான் என்று இருப்பதை யாரும் ஸ்லைடில் போடுவதில்லை. டிக்கெட் என்பது வெட்டிய துணி. கை ஒருவரிடம், காலர் ஒருவரிடம் போய்விடும், அளவெடுத்த சீட்டு மட்டும் யார் கையிலும் இருக்காது. பதினாலாவது டிக்கெட்டில் ரத்து செய்தால் அந்த நேரம் காலியாகும் என்று இருக்கும், முப்பத்தொன்றில் டாக்டர் சம்மதித்த பிறகே காலியாகும் என்று இருக்கும். இரண்டையும் எழுதியது நீங்களேதான், ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

சரி, அப்படியானால் என்னதான் எழுதுவது? இத்தனை வருடத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் இதுதான்: டாக்குமெண்ட் வாயைத் திறக்காத இடத்தில் டெவலப்பர் முடிவெடுப்பார். அவர் மேல் தப்பில்லை. புரோகிராம் ஏதோ ஒன்றைச் செய்துதானே ஆக வேண்டும். ராத்திரி பதினோரு மணி, மறுநாள் டெமோ, உங்களை எழுப்பிக் கேட்க முடியாது, அவருக்கு நியாயமாகப் பட்டதைப் போட்டுவிட்டுப் படுக்கப் போய்விடுவார். அந்த முடிவு எடுக்கப்பட்டது என்பதே மூன்று மாதம் கழித்து ஒரு கிளினிக்கிலிருந்து போன் வரும்போதுதான் உங்களுக்குத் தெரியும். ஆகவே பிஆர்டியில் நீங்கள் எழுதுவதில் பாதி, எடுத்த முடிவுகள். மீதிப் பாதி, இன்னும் எடுக்காத முடிவுகள் எவை என்று எல்லோர் கண்ணிலும் படும்படி வைப்பது. 22 பக்கத்தின் பிரச்சினை அதன் நீளம்கூட இல்லை. நிரம்பி வழிகிற மாதிரி இருப்பதால் எங்கே ஓட்டை என்று தெரியாது.

உங்கள் வரியையே எடுத்துக்கொள்வோம். "நோயாளி அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்யலாம், கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும்." படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. எப்போது வரை ரத்து செய்யலாம்? நாலு மணி நேரம் முன்பு வரை என்று வைத்துக்கொண்டால், நாலு மணி நேரம் எதற்கு முன்பு? நம் ஊர் கிளினிக்குகள் பலவற்றில் டோக்கன் முறை. போர்டில் மாலை 6 மணி என்று இருக்கும், டாக்டர் ஆஸ்பத்திரி டூட்டி முடித்து 7.15-க்கு வருவார், 23-ம் டோக்கன்காரர் ஒன்பது மணிக்கு உள்ளே போவார். அவருடைய அப்பாயின்ட்மென்ட் நேரம் எது, ஆறா, ஒன்பதா? டெவலப்பரிடம் விட்டால் டேட்டாபேஸில் எந்தக் கட்டத்தில் தேதியும் நேரமும் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்வார், அது பெரும்பாலும் ஆறாகத்தான் இருக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு ரத்து செய்ய முயல்கிற 23-ம் டோக்கன்காரருக்கு "நேரம் கடந்துவிட்டது" என்று வரும், அவர் ரிசப்ஷனுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பார். எந்தப் போனைக் குறைக்க இந்த ஃபீச்சரைச் செய்தீர்களோ அதே போன்.

அடுத்தது, ரத்து செய்வது நோயாளி மட்டும்தானா? டாக்டருக்கு அவசர ஆபரேஷன் வந்தால் முப்பது பேருடையதும் ஒரே அடியாக ரத்தாக வேண்டும், அப்போது முழுப் பணமும் போக வேண்டும், நாலு மணி நேர விதி பொருந்தாது. ரிசப்ஷனில் இருப்பவர் நோயாளி சார்பில் ரத்து செய்தால்? கவுன்டரில் ரொக்கமாகக் கட்டியவருக்கு? காலியான 7-ம் டோக்கன் அடுத்தவருக்குப் போகுமா, அல்லது அப்படியே ஓட்டையாக இருக்குமா? இதில் எதுவும் அபூர்வமான எட்ஜ் கேஸ் இல்லை, எல்லாம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நடக்கிற சமாச்சாரம். சப்போர்ட்டில் இருந்த உங்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். கோட் எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அவர் கடைசியாக கிளினிக்குக்குப் போனது காய்ச்சலுக்காக இருக்கும்.

பணம் என்று வரும்போது இன்னும் கவனம் வேண்டும். பணம் கட்டுவதில் வெற்றி, தோல்வி என்று இரண்டே நிலை இருப்பதாக நினைத்து எழுதுவோம், உண்மையில் மூன்றாவதாக ஒன்று உண்டு: நோயாளியின் வங்கிக் கணக்கில் பணம் கழிந்துவிட்டது, உங்கள் சர்வருக்குத் தகவல் வரவில்லை. யுபிஐயில் இது சகஜம். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் சுற்றறிக்கையில், இப்படிக் கடைக்காரருக்கு உறுதி வராமல் தொங்கும் யுபிஐ பரிவர்த்தனையில் பணம் 5 நாளுக்குள் தானாகவே திரும்ப வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் என்று வைத்திருக்கிறது. இது வேறு, வெற்றிகரமாகக் கட்டிய பணத்தை ரத்துக்குப் பிறகு நீங்கள் திருப்பி அனுப்புவது வேறு. அதற்கு உங்கள் பேமெண்ட் கேட்வேயின் (ஆன்லைனில் பணத்தை வாங்கித் தரும் இடை நிறுவனத்தின்) கணக்கு எத்தனை நாளோ அத்தனை நாள். இரண்டையும் "ரீஃபண்ட்" என்ற ஒரே சொல்லில் எழுதினால், டெவலப்பர் இரண்டுக்கும் ஒரே திரையைக் காட்டுவார், சில சமயம் ஒரே நோயாளிக்கு இரண்டு முறை பணம் போகும். அதனால் நிலைகளுக்குப் பெயர் வையுங்கள்: பணம் வந்தது, உறுதிக்காகக் காத்திருக்கிறது, ரத்தானது, ரீஃபண்ட் அனுப்பியாயிற்று, ரீஃபண்ட் சேர்ந்தது. எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம், யார் போகவைப்பது, அப்போது திரையில் என்ன வாசகம். ஒரு காகிதத்தில் ஐந்து கட்டமும் அம்புக்குறியும் போட்டுப் படமெடுத்து டாக்குமெண்டில் ஒட்டினால் போதும். என் அனுபவத்தில் டெவலப்பர்கள் முதலில் தேடுவது இந்தப் படத்தைத்தான்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயத்தை நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். "ரத்தானதும் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்து போகும், தமிழ் போன்ற யூனிகோடு என்றால் 70 தான், தாண்டினால் இரண்டாக உடைந்து இரண்டு எஸ்எம்எஸ் காசு. அந்த 70-ம் நம் கண்ணுக்குத் தெரிகிற எழுத்து இல்லை, புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். "அப்பாயின்ட்மென்ட்" என்பது நமக்கு ஒன்பது எழுத்து, கணக்கில் 17. "உங்கள் அப்பாயின்ட்மென்ட் ரத்து செய்யப்பட்டது. பணம் 7 நாட்களில் திரும்ப வரும்." எண்ணிப் பாருங்கள், இடைவெளியோடு 77. அதே இடத்தில் "முன்பதிவு" என்று போட்டால் 69, ஒரே எஸ்எம்எஸ்ஸில் அடங்கும். டாக்டர் பெயரும் தேதியும் சேர்க்க வேண்டுமென்றால் எப்படியும் இரண்டுதான், அது வேறு கதை. இதோடு, இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி வணிக எஸ்எம்எஸ்ஸின் வாசகத்தை டிஎல்டி என்ற, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் பதிவுத் தளத்தில் டெம்ப்ளேட்டாகப் பதிவு செய்து அனுமதி வாங்க வேண்டும். பதிவு செய்ததும் அனுப்புவதும் பொருந்தாவிட்டால் ஆபரேட்டரே தடுத்துவிடுவார். வாசகத்தை ரிலீஸுக்கு முந்தைய நாள் முடிவு செய்தால் எஸ்எம்எஸ் போகாது, டெவலப்பர் தன் கோடில் தப்பு தேடிக்கொண்டிருப்பார். ஆகவே சரியான வாசகம் பிஆர்டியிலேயே இருக்க வேண்டும், "தகுந்த செய்தி அனுப்பப்படும்" என்று எழுதினால் போதாது.

அந்த "அனுப்பப்படும்" என்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. யார் அனுப்புவது? "-ப்படும்" போட்டு எழுதினால் செய்கிறவர் வாக்கியத்திலிருந்து நழுவிவிடுவார். சர்வரா, ரிசப்ஷனில் இருப்பவர் பட்டனைத் தட்டியா, ராத்திரி ஓடுகிற ஜாபா? ஒவ்வொரு "-ப்படும்"-ஐயும் "யாரால்" என்று கேட்டுப் பாருங்கள், பாதிக்கு உங்களிடமே பதில் இருக்காது. அதே மாதிரிதான் "லாம்". நோயாளி ரத்து செய்யலாம் என்பது நோயாளிக்குக் கொடுக்கிற அனுமதி. நினைவூட்டல் அனுப்பலாம் என்றால் அது டெவலப்பருக்குக் கொடுக்கிற அனுமதியா, நேரம் இருந்தால் செய், இல்லாவிட்டால் விடு என்றா? டாக்குமெண்டை ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், அங்கேயும் இதே குழப்பம் அப்படியே வரும். இணையத் தரநிலைகளை எழுதுகிறவர்களுக்கும் இதே தலைவலி இருந்துதான் 1997-ல் ஆர்எஃப்சி 2119 என்று ஒரு சின்ன ஆவணம் போட்டார்கள். மஸ்ட் என்றால் கட்டாயம், ஷுட் என்றால் தகுந்த காரணம் இருந்தால் மட்டும் தவிர்க்கலாம், மே என்றால் அவரவர் விருப்பம், அவ்வளவுதான். மூன்று பக்கம் படித்துவிட்டு அந்த மூன்று சொல்லையும் அதே பொருளில் பயன்படுத்துங்கள். "வேகமாக", "எளிதாக", "முதலியன" ஆகிய மூன்றையும் தூக்கிவிடுங்கள். முதலியன என்று எழுதுகிறபோது உங்கள் மனதிலும் ஒன்றும் இருக்காது, நான் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன்.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனை மென்பொருளில் இருந்தபோது, நோயாளிப் பதிவுக்கு நான் எழுதிய பிஆர்டியில் "ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு மொபைல் எண் இருக்கும், அதை வைத்து அடையாளம் காண வேண்டும்" என்று ஒரு வரி. டெவலப்பர் அதை அப்படியே எடுத்து, ஒரே எண் இரண்டு பேருக்கு வராதபடி டேட்டாபேஸிலேயே பூட்டிவிட்டார். எழுதியதைத்தானே செய்தார். டெஸ்டரும் அதையே சோதித்து டிக் போட்டார். ஒரு சின்ன ஊர் மருத்துவமனையில் ஓட விட்டோம். மூன்று வாரம் ஒரு புகாரும் இல்லை, எங்களுக்கோ பெருமை. பிறகு ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தால் நூற்றுக்கணக்கான நோயாளிகளின் எண் 9 என்ற இலக்கத்தில் ஆரம்பித்து வரிசையாக ஒன்று ஒன்றாகக் கூடிக்கொண்டே போகிறது. நேரில் போய் ரிசப்ஷனில் இருந்த அக்காவிடம் கேட்டேன். "பின்னே என்ன சார் பண்றது? மருமக போன்லதான் மாமியாரும் வர்றாங்க, ரெண்டு புள்ளைங்களும் வருதுங்க. நம்பரு ஏற்கெனவே இருக்குன்னு உங்க கம்ப்யூட்டர் உள்ளயே விடலை. வெளிய நாப்பது பேரு நிக்கறாங்க" என்றார். அவர் உருவாக்கிய எண்களில் சில நிஜமாகவே யாரோ ஒருவருடைய எண்கள். முன்பின் தெரியாத ஆட்களுக்கு "உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவு தயார்" என்று மெசேஜ் போயிருக்கிறது. அதைச் சரிசெய்ய இரண்டு மாதம் பிடித்தது, மாமியாரின் சர்க்கரை அளவு மருமகளின் பெயரில் ஏறியிருந்ததையெல்லாம் கையால் பிரித்தோம். நம் நாட்டில் போன் பல வீடுகளில் குடும்பத்துடையது. பின்னால் 2021-ல் கொரோனா தடுப்பூசிக்குப் பதியும் கோவின் தளம் வந்தபோது ஒரே எண்ணில் நாலு பேர் வரை பதியலாம் என்று வைத்து, 2022 ஜனவரியில் அதை ஆறாக ஆக்கியதைப் பார்த்தபோது எனக்குச் சுருக்கென்றது. அரை மணி நேரம் அந்தக் கவுன்டரில் நின்றிருந்தால் அந்த வரியை நான் எழுதியிருக்கவே மாட்டேன். நீங்கள் மூன்று வருடம் அந்தக் கவுன்டரின் போனை எடுத்தவர், என்னைவிட நல்ல இடத்திலிருந்து ஆரம்பிக்கிறீர்கள்.

அதனால்தான் முதல் அரைப் பக்கத்தை ஃபீச்சருக்குக் கொடுக்காதீர்கள், பிரச்சினைக்குக் கொடுங்கள். யார், எப்போது, எதனால் அவதிப்படுகிறார்கள். பழைய சப்போர்ட் டிக்கெட்டுகளில் ரத்து சம்பந்தப்பட்டவற்றை எண்ணி ஒரு எண் போடுங்கள், இரண்டு டிக்கெட்டை வாசகம் மாறாமல் (பெயரை எடுத்துவிட்டு) ஒட்டுங்கள். இது அலங்காரம் இல்லை. பிரச்சினை தெரிந்த டெவலப்பர் நீங்கள் நினைக்காத ஓட்டையை அவரே அடைப்பார், சில சமயம் "இதுக்கு ஆப்பே மாத்த வேண்டாமே, ரிசப்ஷன் ஸ்கிரீன்ல ஒரு பட்டன் போதுமே" என்று பாதி வேலையைக் குறைத்தும் விடுவார். கூடவே, எது நடந்தால் இது வெற்றி என்று ஒரு வரி: ரத்துக்காக ரிசப்ஷனுக்கு வரும் போன் இத்தனையிலிருந்து இத்தனையாகக் குறைய வேண்டும், அதை இந்த இடத்தில் எண்ணுவோம் என்று. எங்கே எண்ணுவது என்று எழுதாவிட்டால் அந்த வரி வெறும் ஆசைதான்.

அப்புறம், எதைச் செய்யப் போவதில்லை என்பது. புதிதாக எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுவார்கள், எழுதினால் குறை சொல்வது மாதிரி இருக்கும் என்ற கூச்சம். இந்த ரிலீஸில் தேதி மாற்றும் வசதி கிடையாது, பாதிப் பணம் பிடித்துக்கொள்வது கிடையாது, இன்ஷூரன்ஸ் நோயாளிகள் இதில் வரமாட்டார்கள் என்று நாலு வரி போட்டுப் பாருங்கள். கூட்டத்தில் நடக்கிற நிஜமான சண்டை அந்த நாலு வரியின் மேல்தான் நடக்கும். அது இப்போதே நடப்பது நல்லது. சேல்ஸ் ஆட்கள் ஏற்கெனவே யாரிடமோ இன்ஷூரன்ஸுக்கும் உண்டு என்று வாக்குக் கொடுத்திருப்பார்கள்.

எழுதிவிட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999 செப்டம்பரில் செவ்வாயை அடைந்த அன்றே தொலைந்துபோன கதை பலருக்குத் தெரியும், அலகுக் குழப்பம். பலர் கவனிக்காத பாதி இது: உந்துவிசைக் கணக்கு மெட்ரிக்கில், நியூட்டன்-வினாடியில் வர வேண்டும் என்று அந்த மென்பொருளின் இடைமுக ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது. தரையில் ஓடிய புரோகிராம் பவுண்டு கணக்கில் கொடுத்தது, ஒவ்வொரு எண்ணும் சுமார் 4.45 மடங்கு பிசகு. ஆவணம் சரி, அதோடு ஒப்பிட்டுச் சோதித்தவர் இல்லை. ஆகவே உங்கள் டெஸ்டரை முதல் நாளிலிருந்தே கூட்டத்தில் உட்காரவையுங்கள். ஒவ்வொரு விதிக்கும் கீழே ஒரு உதாரணம் போடுங்கள், நிஜ எண்களோடு. நாலு மணி நேரத்தைப் போர்டில் உள்ள நேரத்திலிருந்து எண்ணுவது என்று முடிவெடுத்திருந்தால்: ஆறு மணி செஷன், 23-ம் டோக்கன், பிற்பகல் 2.00-க்கு ரத்து, பணம் திரும்பும், 2.01-க்கு ரத்து, திரும்பாது. சரியாக 2.00 எந்தப் பக்கம் என்பது அந்த உதாரணத்திலேயே முடிந்துவிடும். டெஸ்டருக்கு அதுவே டெஸ்ட் கேஸ்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகமில்லை. இனிமேல் சொல்வது என் ருசி, வேறு டீமில் வேறு மாதிரி இருக்கலாம். "ஒரு நோயாளியாக நான் விரும்புவது" என்று ஆரம்பிக்கும் யூசர் ஸ்டோரி வாக்கியம் எனக்குப் பிடிக்காது. எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற அஜைல் முறையில் அது சின்ன அட்டையில் எழுதப்பட்டது, அட்டை போதாமல் பேசியே தீர வேண்டும் என்பதுதான் அதன் அழகு, இப்போது அட்டையும் இல்லை, பேச்சும் இல்லை, அந்த வாக்கியம் மட்டும் ஜிராவில் தங்கிவிட்டது. ஆனால் உங்கள் டீம் அதற்குப் பழகியிருந்தால் மாற்றச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். அமேசானில் பொருளைச் செய்யும் முன்பே அதன் பத்திரிகைச் செய்தியை எழுதிப் பார்க்கும் பழக்கம் உண்டு. புதிய பொருளுக்கு நல்ல பயிற்சி, உங்கள் ரத்து பட்டனுக்கு அது எறும்புக்குப் பல்லக்கு. ஃபிக்மாவில் (திரைகளை வரைந்து பார்க்கும் மென்பொருள்) வரைந்த படம் இருந்தால் எழுத்து குறையும் என்கிறார்கள். படம் எல்லாம் நன்றாக நடக்கும்போது எப்படி இருக்கும் என்பதைத்தான் காட்டுகிறது, நெட் போன நேரத்தில் என்ன என்று யாரும் வரைவதில்லை. சாட்ஜிபிடியில் எழுதி வாங்கலாமா என்று கீழே ஒருவர் கேட்டிருந்தார். வாங்கலாம், ஆனால் யாருமே எடுக்காத முடிவுகளை அது எடுத்தது மாதிரி அழகாக எழுதி ஓட்டைகளை மெழுகிவிடும். நான் தலைகீழாகச் செய்கிறேன், என் வரைவைக் கொடுத்து "இதில் எதையெல்லாம் நான் சொல்லவில்லை" என்று கேட்கிறேன். பத்தில் மூன்று கேள்வி உருப்படியாக வருகிறது. ஒன்று மட்டும், மருத்துவ உபகரணம், கார், விமானம் போன்ற துறைகளில் இருப்பவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம். அங்கே ஒவ்வொரு தேவைக்கும் எண் போட்டுச் சோதனை வரை தடம் காட்ட வேண்டிய கட்டாயம் உண்டு, 22 பக்கம் அவர்களுக்குச் சின்னது.

நடைமுறைக்கு வருவோம். 22 பக்கத்தை அழிக்க வேண்டாம், ஓரமாக வையுங்கள். புதிதாக இரண்டு மூன்று பக்கம் எழுதுங்கள்: பிரச்சினை, வெற்றி எது, நிலைப் படம், விதிகளும் உதாரணங்களும், செய்யாதவை. கடைசியில் முடிவாகாத கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார் முடிவெடுப்பார், எந்தத் தேதிக்குள் என்று. பெயரும் தேதியும் இல்லாத கேள்வி அப்படியே கோடுக்குள் போய்விடும். கூட்டம் கூட்டுவதற்கு முன்னால் அந்த மூத்த டெவலப்பரிடம் தனியாகப் போய், "நான் விளக்கவே மாட்டேன், நீங்க படிச்சுட்டு இதை எப்படிச் செய்வீங்கன்னு எனக்குச் சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் சொல்லும்போது குறுக்கே பேசித் திருத்தாமல் இருப்பது ரொம்பக் கஷ்டம், பழகிக்கொள்ளுங்கள். அவர் தயங்குகிற இடம், நீங்கள் நினைத்ததற்கு மாறாகச் சொல்கிற இடம், இரண்டையும் குறித்துக்கொண்டு வந்து எழுதியதைத் திருத்துங்கள். வேலை ஆரம்பித்த பிறகு முடிவு மாறினால் வாட்ஸாப்பில் மட்டும் சொல்லாதீர்கள், டாக்குமெண்டில் மாற்றி, என்ன மாறியது என்று மேலே தேதியோடு ஒரு வரி போடுங்கள்.

நீங்கள் எழுதியதில் ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. ரத்து செய்ய எத்தனை மணி நேரம் என்பதை உங்கள் கம்பெனி எல்லா கிளினிக்குக்கும் ஒரே மாதிரி வைக்கிறதா, அல்லது ஒவ்வொரு டாக்டரும் தனக்கு வேண்டியபடி வைத்துக்கொள்ளலாமா? இரண்டாவது என்றால் வேலை இரண்டு மடங்கு, செட்டிங்ஸ் திரையே தனியாக ஒரு ஃபீச்சர். அதை உங்கள் மேலாளரிடம் கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள், அந்தப் பகுதியை எப்படி எழுதலாம் என்று பார்க்கலாம்.